தர்ஷினி சொன்ன முதல் பொய்

“இன்னையோட நிறுத்திக்கலாம் டீச்சர்” என்றார் சரவணன்.

நான் அவர் வீட்டுக் கூடத்தில் மண்டியிட்டு, கேமரா முக்காலியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அதில் ஒரு கால் எப்போதும் வழுக்கி இறங்கிவிடும். முட்டுக்கொடுப்பதற்கென்றே சரவணனின் மனைவி புவனா ஒரு பிஸ்கட் டின் மூடியைத் தனியாக எடுத்துவைத்திருந்தார். அந்த மூடி கையில் இருந்தபடியே நிமிர்ந்து பார்த்தேன்.

அன்று ஏதோ பொது விடுமுறை. இல்லாவிட்டால் சனிக்கிழமைகளில் சரவணனை வீட்டில் பார்க்க முடியாது. சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை. வாரத்தில் ஆறு நாள், விடிவதற்கு முன்பே மலேசியப் பக்கம் இருக்கும் செனாயிலிருந்து மோட்டாரில் கிளம்பி, எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போய்விடுவார். திரும்பி வரும்போது மகள் தூங்கியிருப்பாள். நான் அந்த வீட்டுக்குப் போய்வரத் தொடங்கிப் பல மாதங்கள் ஆகியும் அவரை அதற்குமுன் இரண்டு முறைதான் பார்த்திருந்தேன்.

அவர் மகள் தர்ஷினி அப்போது மூன்று வயதைத் தாண்டியிருந்தாள். பிறவியிலேயே காது கேளாதவள். மாவுச் சல்லடை ஒன்றைத் தலையில் தொப்பியாகக் கவிழ்த்துக்கொண்டு, மெய் லிங்கின் மடியில் உட்கார்ந்திருந்தாள். மெய் லிங் என்னோடு வேலை செய்பவள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

“என்னங்க ஆச்சு?” என்று கேட்டேன்.

“ஒன்னும் ஆகல டீச்சர். அதைத்தான் சொல்றேன். எத்தனை மாசமா வர்றீங்க, படம் புடிக்கிறீங்க. புள்ள வாயத் தொறக்கல. சரி, அது பரவால்ல. ஆனா என்னைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டுதுலா. இதுல வேற, ஒன்னுமே இல்லாத எடத்தைக் காட்டிக் காட்டிச் சிரிக்குது. கோயில்ல ஒருத்தர் கேக்குறாரு, புள்ள கண்ணுக்கு ஏதும் தெரியுதான்னு. பாலோ ஊர்ல இருக்குற எங்க அக்கா, மந்திரிச்ச நூல் கட்டணும், உடனே கூட்டிட்டு வான்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க.”

புவனா சமையலறை வாசலில் நின்றுகொண்டு கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கணவர் இப்படிச் சொல்லப்போகிறார் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

தர்ஷினி வெறும் காற்றைச் சுட்டிக்காட்டுவதை நானும் பார்த்திருந்தேன். என் குறிப்பேட்டில் அதற்கு ஒரு பெயரும் கொடுத்திருந்தேன்: ‘பொருளற்ற சுட்டல்.’

நான் டீச்சரே இல்லை

குளுவாங் சந்தையில் மீன்கூடையோடு வழுக்கி விழுந்த கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்த வாசகி ஒருவர், ‘நீங்கள் எந்தப் பள்ளியில் ஆசிரியராக இருந்தீர்கள்?’ என்று கேட்டிருந்தார். எந்தப் பள்ளியிலும் இல்லை. வாழ்க்கையின் பாதியை ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு செய்தே கழித்தவள் நான். கையில் பேனாவும் மூக்கில் கண்ணாடியுமாக ஒரு பெண் வீட்டு வாசலில் வந்து நின்றால், நம் ஆட்களுக்கு அவள் டீச்சர்தான். நானும் மறுத்துப் பார்த்தேன், பலனில்லை.

சைகை மொழியிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது எங்கள் தேவாலயம். ஞாயிறு பூசைக்கு வரும் காது கேளாதவர்கள் நான்கைந்து பேருக்குப் பிரசங்கத்தை எடுத்துச்சொல்ல ஆள் வேண்டும், விருப்பமுள்ளவர்கள் வகுப்பில் சேரலாம் என்று அறிவித்தார்கள். வகுப்பு முடிந்ததும் தின்னக் கறிப்பாப் பலகாரம் உண்டு என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். சேர்ந்துவிட்டேன். அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது.

முதல் வகுப்பிலேயே ஒன்று தெரிந்துபோயிற்று. மற்றவர்களின் கைகள் பறந்தன. என் கைகள் இரண்டும் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கிடந்தன.

அதற்குக் காரணம் உண்டு. சின்ன வயதில் கையை வீசி வீசிப் பேசுகிறவளாகத்தான் இருந்தேன். பேச்சுவாக்கில் ஒருமுறை அம்மாவின் கண்ணாடியைத் தட்டிவிட்டேன், ஒருமுறை விருந்தாளியின் கோப்பியை. “கையக் கட்டிக்கிட்டுப் பேசு, புள்ள” என்று அம்மா நாளைக்குப் பத்து முறை சொல்வார். பள்ளியிலோ, மனப்பாடம் ஒப்பிக்கும்போது ஓர் அடிக்கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று எனக்கு மட்டும் தனிச் சட்டம். கீழே விழுந்தால் முதலிலிருந்து ஒப்பிக்க வேண்டும். அப்படி அடக்கி வளர்த்த கைகள். ‘உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி’ என்று சொல்ல நான் முதன்முதலாக அவற்றை அவிழ்த்துவிட்டபோது, எதிரே இருந்த பெரியவர் முகம் சிவந்து, எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். நான் உண்மையில் என்ன சொன்னேன் என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை.

அந்த வகுப்பில் சொல்லித்தர வந்தவள்தான் மெய் லிங். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். அவளைப் போலவே அவளுடைய அப்பா, அம்மா இருவரும் காது கேளாதவர்கள். ஆகையால் மலேசிய சைகை மொழிதான் அவளுக்குத் தாய்மொழி. நாம் தமிழ் கற்ற மாதிரி, தொட்டிலில் கிடந்தே கற்றது. எனக்குச் சைகையில் ஒரு பெயர் வைத்ததும் அவள்தான்: இரண்டு கைகளையும் வயிற்றருகே கோத்துப் பிடித்துக் காட்டுவாள். கையைக் கட்டியவள். இன்றுவரை அதுதான் என் பெயர்.

ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர், காது கேளாத பிள்ளைகள் சைகை மொழியை எப்படிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று ஆய்வு செய்யத் தொடங்கியபோது மெய் லிங்கைத்தான் முதலில் அழைத்தார். தமிழ் வீடுகளில் பேசிப் பழக ஓர் ஆள் வேண்டும் என்று அவள் என்னை இழுத்துவிட்டாள்.

வேலை இதுதான். செனாயில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில், காது கேளாத பெரியவர்கள் சிலர் வாரத்தில் மூன்று நாள் பிள்ளைகளோடு விளையாடுவார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலரின் வீட்டுக்கு நாங்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய், ஒரு மணி நேரம் வீடியோ எடுப்போம். பிறகு நான் கணினி முன் உட்கார்ந்து, அந்த ஒரு மணி நேரத்தை அணுஅணுவாக நிறுத்தி நிறுத்திப் பார்த்து எழுதுவேன். வலது கை என்ன செய்தது, இடது கை என்ன செய்தது, புருவம் எங்கே போனது, கண் எதைப் பார்த்தது. ஒரு மணி நேரத்தை எழுதி முடிக்க ஒரு வாரம் போய்விடும்.

விரல்களின் மழலை

தர்ஷினியை முதலில் பார்த்தபோது அவளுக்கு இரண்டரை வயது. சொந்தமாக இரண்டு மூன்று சைகைகள் வைத்திருந்தாள். பால் வேண்டுமென்றால் புவனாவின் கையைப் பிடித்துக் குளிர்பெட்டியிடம் இழுத்துக்கொண்டு போவாள். வேண்டாததைத் தரையில் போட்டுவிட்டு மேலே உட்கார்ந்துகொள்வாள். அவ்வளவுதான்.

காதில் கருவி மாட்டியிருந்தார்கள். பேச்சுப் பயிற்சிக்கும் கூட்டிப்போனார்கள். அதை நாங்கள் ஒருநாளும் தடுத்ததில்லை. இரண்டும் சேர்ந்தே போகட்டும் என்றுதான் பேராசிரியர் சொன்னார். ஆனால் தர்ஷினிக்கு அந்தக் கருவியைக் கழற்றி அரிசி டின்னுக்குள் புதைப்பதில்தான் நாட்டம்.

கடைவீட்டு மாடிக்கு வந்த முதல் மூன்று வாரம் அவள் கையே தூக்கவில்லை. மூலையில் உட்கார்ந்து, பெரியவர்களின் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருக்கும்.

ஒருநாள் காலை புவனாவிடமிருந்து போன். “டீச்சர், பயமா இருக்கு. மத்தியானம் படுக்கப் போட்டா, தூங்காம வெரலு வெரலா ஆட்டிக்கிட்டே இருக்குது. வலிப்பா இருக்குமோ?”

எனக்கும் பயம்தான். போனிலேயே படம் பிடித்து அனுப்பச் சொல்லி மெய் லிங்கிடம் காட்டினேன். அவள் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு நாற்காலியில் சாய்ந்து சிரித்தாள்.

அவள் கையால் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. “வலிப்பு இல்லை. பேசிப் பழகுகிறாள். தனியாக இருக்கும்போது குழந்தைகள் ‘பபபா, மமமா’ என்று சொல்லிக்கொண்டே கிடக்குமாமே, நீதானே சொன்னாய்? அதுதான் இது. கையில் வருகிறது.”

அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று தெரியவில்லை. சன்னல் திரை வழியாக வந்த மஞ்சள் வெளிச்சம், நீலப் போர்வை, அதன்மேல் திறந்து மூடும் குட்டி விரல்கள். அர்த்தம் எதுவும் கிடையாது. ஆனால் சும்மா ஆடும் கையும் அல்ல. ஒரு தாளம் இருந்தது.

அதன்பிறகு வேகம்தான். முதலில் வந்த சைகைகள் எல்லாம் மழலை. இரண்டு விரல் நீட்ட வேண்டிய இடத்தில் முழுக் கையையும் விரிப்பாள். நம் பிள்ளைகள் ‘ரொட்டி’யை ‘லொட்டி’ என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி. ‘மீன்’ என்று அவள் சொல்லும்போது மீன் நீந்தாது, துள்ளி விழும். அவளுக்கு மிகவும் பிடித்த சொல் ‘விமானம்’. செனாயில் விமானம் தாழப் பறக்கும்போது சன்னல் கண்ணாடி அதிரும். தர்ஷினி ஓடிப்போய் உள்ளங்கையைக் கண்ணாடியில் பதித்து அந்த அதிர்வை வாங்கிக்கொண்டு, திரும்பி எங்களிடம் ‘விமானம்’ என்பாள். சில சமயம் பேச்சு மும்முரத்தில் எனக்கும் புவனாவுக்கும் அந்தச் சத்தமே காதில் விழுந்திருக்காது.

இதெல்லாம் எனக்குப் புரிந்தது. புரியாதது இரண்டு.

ஒன்று, அவள் அடிக்கடி தாடையின் கீழே கையைக் கொண்டுபோய் நோண்டிக்கொள்வாள். வியர்க்குரு என்று நினைத்தேன். ‘தாடை சொறிதல்’ என்று எழுதிவைத்தேன். புவனாவிடம் பவுடர் போடச் சொல்லி யோசனையும் சொன்னேன். அவரும் பாவம், போட்டுக்கொண்டிருந்தார்.

இன்னொன்று, அந்தச் சுட்டிக்காட்டல். வலது பக்கம், தலைக்குச் சற்று மேலே, காற்றில். அங்கே விளக்கில்லை, படமில்லை, பல்லிகூட இல்லை. நானே ஒருமுறை நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன்.

எந்த இடம், காட்டு

இப்போது அந்த விடுமுறை நாளுக்குத் திரும்புகிறேன்.

சரவணன் பேசி முடித்தார். ஆய்வுக்காக அவர்கள் கையெழுத்திட்டிருந்த ஒப்புதல் படிவத்தின் நகலை எடுத்து மேசைமேல் வைத்தார். கோபமாக வைக்கவில்லை. மடிப்பை நீவி, ஓரத்தைச் சரிசெய்து வைத்தார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மெய் லிங் என் முழங்காலைத் தட்டினாள். என்ன சொல்கிறார்? நான் எல்லாவற்றையும் கையால் சொன்னேன். கோயில், நூல், அப்பாவைத் திரும்பிப் பார்க்காதது, காற்றைக் காட்டிச் சிரிப்பது.

கடைசி விஷயத்தில் அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“காற்றையா? எந்த இடம், காட்டு.”

படம் பிடிக்கும்போது தர்ஷினி பெரும்பாலும் அவள் மடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள்; என் பதிவிலும் அவள் அதை அதுவரை பார்த்ததில்லை. பொருளில்லாதது என்று நான் ஒதுக்கியவற்றை அவளுக்கு அனுப்புவதில்லை. அவளுக்கு எதற்கு வீண் வேலை என்ற நல்லெண்ணம்தான். பதிவுகளைப் பெற்றோர் எப்போது கேட்டாலும் பார்க்கலாம் என்பது எங்கள் விதி. ஆகவே சரவணனையும் புவனாவையும் உட்காரச் சொல்லிவிட்டு, மடிக்கணினியைத் திறந்தேன்.

முந்தைய மாதத்துப் பதிவு. தர்ஷினி பிஸ்கட் சாப்பிடுகிறாள். தாடையைச் சொறிகிறாள். காற்றில் வலது பக்கம் காட்டுகிறாள். பிஸ்கட். தலையாட்டல். மறுபடி காற்று.

மெய் லிங் படத்தை நிறுத்தினாள். பின்னால் ஓட்டினாள். “இது என்ன என்று எழுதியிருக்கிறாய்?”

“சொறிகிறாள்.”

அவள் என்னைப் பார்த்த பார்வையை எந்த மொழியிலும் எழுத முடியாது. பிறகு எழுந்து, வாசலில் மோட்டாரின்மேல் இருந்த ஹெல்மெட்டை எடுத்து வந்து தன் தலையில் மாட்டிக்கொண்டாள். தாடைக்குக் கீழே வாரைக் கோத்துப் பொருத்தினாள். பொருத்திய கையை அப்படியே வைத்துக்கொண்டு, திரையில் உறைந்து நின்ற தர்ஷினியின் கையைக் காட்டினாள்.

இரண்டும் ஒரே கை.

“இது அவள் தானே உண்டாக்கிய சொல்” என்றாள். “அப்பா.”

சரவணனிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், “உங்களைச் சொல்றா” என்றேன். “இதுதான் நீங்க. ஹெல்மெட் மாட்டுற ஆளு.”

“நானா?”

“அவளைக் கேளுங்க” என்று மெய் லிங்கைக் காட்டினேன். அவள் படத்தை மெதுவாக ஓட்டியபடி சொல்ல, நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். தர்ஷினி முதலில் ‘அப்பா’ என்கிறாள். பிறகு காற்றில் ஓர் இடத்தைக் காட்டுகிறாள். அப்பா அங்கே. போனவர் அங்கே இருக்கிறார். சைகை மொழியில் எதிரில் இல்லாத ஆளைப் பற்றிப் பேச வேண்டுமென்றால், காற்றில் அவருக்கு ஓர் இடம் ஒதுக்குவார்கள். ஒருமுறை ஒதுக்கிவிட்டால் போதும், அப்புறம் அந்த இடத்தைக் காட்டினால் அந்த ஆள். நாம் ‘அவர்’ என்று சொல்கிறோமே, அது.

“யாரும் இதைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை” என்றாள் மெய் லிங். “மாடியில் நாங்கள் பேசுவதைப் பார்த்து எடுத்துக்கொண்டிருக்கிறாள். நீ மாதக்கணக்கில் எழுதிவைத்திருப்பது எல்லாம் இலக்கணம். பொருளற்றதாம்!”

“அப்ப இந்த பிஸ்கட்?” என்று சரவணன் கேட்டார்.

“‘அவருக்கு பிஸ்கட் இல்லை. அவருக்கு எடுத்து வை’ என்கிறாள்.”

புவனா நெற்றியில் அடித்துக்கொண்டார். “அலமாக்! தெனமும் ஒன்னை எடுத்து ஃபிரிட்ஜ் மேல வைக்கச் சொல்லி அழுவா டீச்சர். நான் ஏதோ வெளையாட்டுன்னுல நெனச்சேன்!”

“அந்த பிஸ்கட்டெல்லாம் எங்க போச்சு?” என்றார் சரவணன்.

புவனா மறுபடி கையைத் துடைத்தார். “சாயந்தரம் தேத்தண்ணிக்கு நான் சாப்ட்டுருவேன்.”

“என் பங்கையா?”

முதலில் சிரித்தது அவர்தான். சிரித்துக்கொண்டே இருந்தவர், கைலி நுனியால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தோம்.

மெய் லிங் அவரை விடவில்லை. ‘உங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை என்கிறீர்களே, அவளை எப்படிக் கூப்பிடுவீர்கள்?’ என்று கேட்கச் சொன்னாள். பின்னால் நின்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். வேறெப்படிக் கூப்பிடுவார், பாவம். மெய் லிங் அவரைத் தரையில், தர்ஷினியின் கண் மட்டத்துக்கு உட்காரச் சொன்னாள். ‘உங்கள் பெயரைச் சொல்லுங்கள்’ என்றாள்.

சரவணன் தாடைக்குக் கீழே கையைக் கொண்டுபோய், இல்லாத வாரைப் பொருத்தினார். பிறகு தன் மார்பைத் தொட்டார்.

தர்ஷினி சல்லடைத் தொப்பியை நிமிர்த்திக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள். வலது பக்கம் மேலே, காற்றில் அந்த இடத்தைப் பார்த்தாள். விரலை அங்கே நீட்டினாள். பிறகு அந்த விரலை மெதுவாக இறக்கிக்கொண்டு வந்து, அப்பாவின் மூக்கின்மேல் வைத்தாள்.

மேசைமேல் இருந்த படிவத்தைப் புவனா எடுத்து மடித்து, அலமாரிக்குள் வைத்துவிட்டார்.

அன்று நான் ஓட்டிக்கொண்டிருந்த கேமராவில், முக்காலி பாதியில் இறங்கிவிட்டதால், கடைசிக் கால் மணி நேரம் முழுக்க எங்கள் பாதங்கள்தான் பதிவாகியிருந்தன. பேராசிரியரிடம் நல்ல திட்டு வாங்கினேன். ‘பொருளற்ற சுட்டல்’ அத்தனையையும் திரும்ப எழுத எனக்கு ஒரு மாதம் பிடித்தது. ‘தாடை சொறிதல்’ என்ற பகுதியை அடியோடு அழித்தேன். பவுடரை நிறுத்தச் சொல்லிப் புவனாவுக்கும் செய்தி அனுப்பினேன்.

பாலத்து நெரிசலில்

சரவணன் கற்கத் தொடங்கினார். நேரமில்லாத மனிதர் எங்கே கற்பார்? பாலத்தில்தான். காலையில் மோட்டார்கள் ஆயிரக்கணக்கில் முட்டிக்கொண்டு நகராமல் நிற்குமே, அந்த நேரத்தில் மெய் லிங் அனுப்பும் வீடியோவைப் பார்த்துக் கையை ஆட்டிப் பழகுவார். முன்னால் நிற்பவர் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்ப்பாராம். ஒருநாள் பக்கத்து மோட்டார்க்காரர், மழைச்சட்டைக்குள்ளிருந்து கையை எடுத்து, “ப்ரோ, இது தப்பு, இப்படி” என்று திருத்தினாராம். அவருக்கும் வீட்டில் காது கேளாத தம்பி.

சரவணனின் கை கனமான கை. பெட்டி தூக்கித் தூக்கிக் காய்த்த விரல்கள். அவர் ‘பூ’ என்றால் அது ‘இடி’ மாதிரி இருக்கும். தர்ஷினி அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மடக்கித் திருத்துவாள். ஒருமுறை சலித்துப்போய், நெற்றியைச் சுருக்கி, ‘அம்மாவிடம் போய்க் கேள்’ என்று சொல்லிவிட்டாள். அதை நான் மூன்று சைகைகள் கொண்ட வாக்கியம் என்று பெருமையோடு குறித்துக்கொண்டேன்.

பாலோ அக்கா அந்தச் சமயத்தில்தான் வந்து இறங்கினார். ராணி என்று பெயர். சரவணனுக்கு மூத்தவர், தையல் கடை வைத்திருந்தார். ஒரு கையில் நூல், இன்னொரு கையில் ஒரு டின் முறுக்கு. உள்ளே நுழைந்ததும், வழக்கம்போல, தர்ஷினியின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கிள்ளினார்.

“கைய ஆட்டவிட்டா வாயி எப்புடிடா தொறக்கும்?” என்று தம்பியிடம் ஆரம்பித்தார். “அது பாட்டுக்குக் கையிலேயே சொல்லிட்டுப் போவுது, அப்புறம் எதுக்குப் பேசப் போவுது?”

“அக்கா, அது பேசிக்கிட்டுத்தான் இருக்குது. நமக்குத்தான் கேக்கல” என்றார் சரவணன்.

அந்த வரியை நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவராகவே சொன்னார்.

ராணி அக்கா பதிலுக்கு வாயைத் திறந்தபோது, தர்ஷினி அப்பாவின் கைலியை இழுத்தாள். தன் கன்னத்தைத் தானே இரண்டு விரலால் கிள்ளிக்கொண்டாள். முறுக்கு டின்னைக் காட்டினாள். புருவத்தைத் தூக்கினாள்.

“என்னாடா சொல்லுது?”

“‘கன்னத்தக் கிள்ளுறவங்க முறுக்கு கொண்டாந்திருக்காங்களா’ன்னு கேக்குதுக்கா. நீங்கதான் அது. உங்களுக்குப் பேரு வச்சிருக்குது.”

“எனக்கா? எனக்கும் பேரு இருக்கா?” ராணி அக்கா தன் கன்னத்தைத் தானே மெதுவாகக் கிள்ளிப் பார்த்தார். “இப்படியா? சரியா இருக்கா பாரு.”

நூலை அன்று கட்டத்தான் செய்தார். கையில் கிடந்தால் என்ன குறைந்துவிடும் என்று புவனாவும் சம்மதித்தார். தர்ஷினிக்குச் சிவப்பு நிறம் பிடித்துப்போய், ‘சிவப்பு’ என்ற சைகையை அன்று கற்றுக்கொண்டாள். போகும்போது ராணி அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ‘தங்கம்’ என்று எப்படிக் காட்டுவது என்று கேட்டுப் பழகிக்கொண்டு போனார்.

வாளியில் ரிமோட்

தர்ஷினிக்கு நான்கு வயது கடந்திருந்தது. சரவணனும் இருக்க வேண்டும் என்பதற்காக அந்த மாதம் பதிவை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியிருந்தோம். போனபோது வீடே தொலைக்காட்சியின் ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தது. நாற்காலி மெத்தைகளெல்லாம் தரையில் கிடந்தன.

கண்டுபிடித்தவர் புவனா. குளியலறை வாளியில், தண்ணீருக்கு அடியில் இருந்தது.

“யாரு போட்டது?” என்று சரவணன் மகளின் முன் உட்கார்ந்து கையால் கேட்டார். நான் கேமராவை ஓடவிட்டேன்.

தர்ஷினி அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கினாள்.

‘பூனை.’

அந்த வீட்டில் பூனை கிடையாது. பக்கத்து வீட்டிலும் கிடையாது.

வாசல் பக்கம் ஓர் இடத்தைக் காட்டினாள். பூனை அங்கே இருந்து வந்தது. விரல்கள் நடந்தன. மேசையில் ஏறியது. வாயில் கவ்வியது, அதற்கு அவள் தன் வாயையே காட்டினாள். உள்ளே ஓடியது. தண்ணீர். போட்டது. தான் எதுவும் செய்யவில்லை என்று மார்பைத் தொட்டுத் தலையை ஆட்டினாள். முகம் அவ்வளவு பரிதாபமாக இருந்தது.

மெய் லிங் குதித்து எழுந்தாள். நானும்தான். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம், நான் கை தட்டினேன், அவள் காது கேளாதவர்கள் கை தட்டும் விதமாகக் கைகளை உயர்த்தி ஆட்டினாள்.

“டீச்சர்! புள்ள பச்சப் பொய்யி சொல்லுது. நீங்க ரெண்டு பேரும் என்னா கை தட்டுறீங்க?” என்றார் சரவணன்.

“பொய்தாங்க! முதல் பொய்! நடக்காத ஒன்னை, இல்லாத ஒன்னைப் பத்தி, மொதல்லேருந்து கடைசி வரைக்கும் ஒரே கோர்வையாச் சொல்லியிருக்கா. உங்களுக்கு உண்மை தெரியாதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. இத்தனை நாளா நாங்க காத்துக்கிட்டு இருந்தது இதுக்குத்தான்!”

சரவணன் என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. புவனா குளியலறை வாசலில் வாளியோடு நின்றுகொண்டு, சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தார்.

பிறகு சரவணன் மகள் பக்கம் திரும்பினார். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, அந்தக் கனத்த கைகளால், ஒரு பிழையும் இல்லாமல் கேட்டார்.

‘பூனை இப்போது எங்கே?’

தர்ஷினி இதை எதிர்பார்க்கவில்லை. கண்கள் கூடத்தைச் சுற்றி வந்தன. கடைசியில், அப்பாவுக்கும் குளியலறைக்கும் நடுவே, தரையில் பதித்திருந்த சதுரக் கல் ஒன்றைக் காட்டினாள். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்தாள். தூங்குகிறது. எழுப்பாதே.

சரவணன் அந்தக் கல்லை உற்றுப் பார்த்தார். வெறும் வெள்ளைக் கல். ஓரத்தில் கொஞ்சம் பிஸ்கட் தூள்.

ரிமோட்டை எடுக்க அவர் எழுந்தார். கைலியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில், அந்தக் கல்லைச் சுற்றிக்கொண்டு நடந்தார். எங்கே மிதித்துவிடப் போகிறாரோ என்று தர்ஷினி அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.